ஜப்பான் நோட்டில் அடைத்த கடன் அடைபட்டதா?

கேள்வி: எங்கள் ஐயா 1930களில் மலாயாவில், ஈப்போவில் லேவாதேவி செய்துவந்தவர். சண்டை முடிந்து 1946இல் ஊர் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டி நிறைய வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டும் ஒரு பேரேடும் கொண்டுவந்தார். வீட்டை ஒழித்தபோது இரண்டும் இப்போது கைக்கு வந்தன. பேரேட்டில் 2603, 2604 என்று வருடம் போட்டிருக்கிறது. சிறு ரப்பர் தோட்டங்களை அடமானம் வைத்த பலர் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டிப் பத்திரத்தை வாங்கிப் போனதாக வரிசையாக எழுதியிருக்கிறார். கட்டியது எல்லாம் ஜப்பான் நோட்டு. கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசு உறுதி கூறுகிறது என்று அந்த நோட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். படையெடுத்து வந்தவன் அடித்த தாளுக்குச் சட்ட மதிப்பு எங்கிருந்து வந்தது? கடன்காரர்கள் செய்தது ஏமாற்று இல்லையா? ஜப்பானிடமோ மலேசியாவிடமோ இழப்பீடு கேட்கலாமா? என் பெரியப்பா, "ஜப்பான்காரன் முறையாகத்தான் ஆண்டான், கோர்ட்டும் போலீசும் இருந்தன. அந்தமானையே நேதாஜியிடம் கொடுத்தான்" என்பார். அப்பச்சி அதைக் கொள்ளைக்கூட்டம் என்பார். யார் சொல்வது சரி?

— காரைக்குடிக்கு அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இழப்பீடு கிடைக்காது. ஜப்பானிடம் கிடைக்காது, மலேசியாவிடம் கிடைக்காது, அன்று கடனைக் கட்டியவர்களின் வாரிசுகளிடமும் கிடைக்காது. "போட்டுத்தான் பார்ப்போமே" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் உங்கள் மற்றக் கேள்விகள் நல்ல கேள்விகள். போர்க்காலச் சட்டம் படிக்க வரும் மாணவர்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பேரேட்டில் உள்ள வருடத்தில் 660ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 2603 என்பது 1943. முதல் ஜப்பானியப் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கு அது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. ஊரின் பெயர் சியோனான் ஆனது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கினார்கள். வட்டிக்கடைப் பேரேட்டில்கூட டோக்கியோ வருடம் ஏறியிருக்கிறது என்றால் அந்த நிர்வாகம் எவ்வளவு கீழே வரை இறங்கியிருந்தது என்று பாருங்கள்.

இது திடீரென்று அமைந்த ஏற்பாடும் அல்ல. கோத்தபாருவில் படை இறங்கியது 1941 டிசம்பர் 8 அன்று. அதற்கு முன்பே, நவம்பர் 20 அன்று, பிடிக்கப்போகும் தென்பகுதிகளை எப்படி ஆள்வது என்ற கொள்கையை டோக்கியோவில் ராணுவத் தலைமையும் அரசும் கூடி முடிவு செய்துவிட்டன. நோக்கங்கள் மூன்று: அமைதியை மீட்பது, போருக்கு வேண்டிய மூலப்பொருள்களை விரைவாகப் பெறுவது, படை அந்தந்த இடத்திலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்வது. ஏற்கெனவே இருக்கும் ஆட்சி அமைப்புகளை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும், உள்ளூர் வழக்கங்களை மதிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. மூலப்பொருள் எடுப்பதாலும் படையின் செலவாலும் மக்களின் வாழ்க்கைக்கு வரும் சுமையை அவர்கள் பொறுத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான் இருந்தது. உங்கள் பெரியப்பா கண்டது ஆவணத்தின் ஒரு வரி. அப்பச்சி கண்டது இன்னொரு வரி.

பழைய அமைப்பை வைத்துக்கொண்டதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. மலாயாவைப் பிடித்த தளபதி யமஷிதாவின் 25ஆம் படையிடம் மலாயாவை நேரடியாக ஆள அலுவலர்கள் இல்லை. படைக்குக் கீழே ராணுவ நிர்வாகத் துறை என்று ஒன்றை வைத்தார்கள். மாநிலங்களுக்கு ஜப்பானிய ஆளுநர்கள் வந்தார்கள். சுல்தான்கள் அதிகாரம் பறிக்கப்பட்டு மதத் தலைவர்களாக மட்டும் இருந்தார்கள். அதற்குக் கீழே எல்லாம் பழைய ஆட்கள்: அதே குமாஸ்தா, அதே நில அலுவலகம், அதே தபால்காரர், பெரும்பாலும் அதே போலீஸ்காரர். வெள்ளைக்கார அதிகாரி சிறைமுகாமுக்குப் போனார். அவருக்குக் கீழே இருந்தவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து புது எசமானுக்கு வேலை செய்தார். 1942இல் நீதிமன்றங்களைத் திறந்தபோது, ராணுவ நிர்வாகத்துக்கு இடையூறு இல்லாதவரை பழைய சட்டமே செல்லும் என்றார்கள். இதற்கெல்லாம் வெளியே, எந்தக் கோர்ட்டுக்கும் கட்டுப்படாமல், கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் இருந்தது. குடும்பங்களைப் பதிந்து, அண்டை வீடுகளைக் குழுவாகச் சேர்த்து, ஒரு வீட்டில் நடப்பதற்கு அக்கம்பக்கத்தாரைப் பொறுப்பாக்கும் முறையும் வந்தது. ரேஷன் அட்டையும் ஒற்றும் ஒரே பதிவேட்டின் வழியாக நடந்தன.

கோர்ட் இருந்ததால் அது முறையான ஆட்சி என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். கோர்ட்டும் நில அலுவலகமும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் மூன்றரை ஆண்டுகளுக்குப் பொருளை இவ்வளவு ஒழுங்காக எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

இனி சட்டம். 1907இல் ஹேக் நகரில் ஒப்புக்கொள்ளப்பட்ட தரைப்போர் விதிகள்தாம் இதற்கு அடிப்படை. ஜப்பானும் அதை ஏற்ற நாடு. பிடித்த நிலம் பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது என்பது அதன் சாரம். அமைதி உடன்படிக்கை வரும்வரை அவன் கையில் இருப்பது அதிகாரம் மட்டுமே. உரிமை பழைய அரசிடமே இருக்கிறது. மாற்றவே முடியாத தடை இருந்தால் ஒழிய, இருக்கும் சட்டத்தை மதித்துப் பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்கிறது 43ஆம் விதி. வரி வாங்கலாம், ஆனால் நிர்வாகச் செலவையும் அவனே ஏற்க வேண்டும். ராணுவத்துக்கு வேண்டிய பொருளை ஊராரிடம் கேட்டுப் பெறலாம், ஆனால் அந்த ஊரின் சக்திக்கு உட்பட்டு, ரொக்கம் கொடுத்தோ ரசீது கொடுத்தோ. தனியார் சொத்தைப் பறிக்கக் கூடாது. அரசின் காடு, நிலம், கட்டடம் விஷயத்தில், காயைப் பறித்துத் தின்னலாம், மரத்தை வெட்டி விற்கக் கூடாது என்பதுதான் 55ஆம் விதி.

பணம் அச்சடிப்பதைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வார்த்தை இல்லை. 1907இல் உட்கார்ந்து எழுதியவர்கள் பொன்னும் வெள்ளியும் புழங்கிய காலத்தவர்கள். அச்சு இயந்திரம் ஒரு படையாயுதம் ஆகும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஐயாவின் பெட்டி நிறைந்தது அந்த ஓட்டையின் வழியாக.

வரி போட்டால் எதிர்ப்பு வரும். வசூலிக்க ஆள் வேண்டும். பொருளைப் பறித்தால் ஊர் ஒளித்து வைக்கும். நோட்டு அடித்துக் கொடுத்து வாங்கினால் வெளித்தோற்றத்துக்கு அது வியாபாரம். போருக்கு முன்பே அச்சிட்டுத் தயாராக வைத்திருந்த நோட்டைப் படையோடு கொண்டுவந்தார்கள். பழைய மலாயா வெள்ளிக்கும் (டாலருக்கும்) அதற்கும் ஒன்றுக்கு ஒன்று மதிப்பு என்று அறிவித்தார்கள். வாங்க மறுப்பது குற்றம். மக்கள் பழைய வெள்ளியை மண்ணில் புதைத்தார்கள். புழக்கத்தில் புது நோட்டு மட்டும் நின்றது. முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு வெறும் எழுத்துகள்தாம். எத்தனை நோட்டு அடித்தோம் என்று எண்ணிப் பார்க்கும் அக்கறையே இல்லாத அரசு எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. தொடக்கத்தில் பத்து வெள்ளிதான் பெரிய நோட்டு. பிறகு 100 வெள்ளி வந்தது. 1945இல் 1,000 வெள்ளி நோட்டும் வந்துவிட்டது. உங்கள் பெட்டியில் மாட்டுவண்டி போட்ட நோட்டு இருந்தால் அதுதான். வெள்ளமாய்ப் போன பணத்தைத் திரும்ப உறிஞ்ச அதே நிர்வாகம் லாட்டரி நடத்தியது, சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்தது.

சீனர்களிடம் ஜப்பானியர் இந்த நாசூக்கைக்கூடக் காட்டவில்லை. சிங்கப்பூர் விழுந்த சில வாரங்களுக்குள் சீன ஆண்களைச் சலித்தெடுத்துக் கொன்றார்கள். ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஏறத்தாழ 5,000 பேர், சீனச் சமூகம் சொல்வது அதைவிடப் பல மடங்கு. அதற்கு மேல் மலாயா, சிங்கப்பூர் சீனர்கள் சேர்ந்து ஐந்து கோடி வெள்ளி "காணிக்கை" தர வேண்டும் என்று தண்டம் விதித்தார்கள். கெடுவுக்குள் 2.8 கோடிதான் திரண்டது. மீதி 2.2 கோடியை ஜப்பானின் யோகஹாமா ஸ்பீஸி வங்கியிடமே கடனாக வாங்கிக் கட்ட வைத்தார்கள். தண்டம் விதித்தவனே கடனும் கொடுத்து வட்டியும் எழுதிக்கொண்டான். ஹேக் விதிகளின்படி ஒரு சமூகம் முழுவதையும் சேர்த்துத் தண்டிப்பது குற்றம். எந்த வாதத்தாலும் மூட முடியாத குற்றம்.

தமிழர் பக்கம் வேறு மாதிரி நடந்தது. ரப்பருக்கு அமெரிக்கச் சந்தை போனது. எடுத்துப்போகக் கப்பலும் இல்லை. வெள்ளைக்காரர் தோட்டங்கள் எதிரிச் சொத்தாக நிர்வாகத்தின் கைக்கு வந்தன, ஆனால் பால் வெட்ட வேலையில்லை. மலாயா தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது. மரவள்ளிக் கிழங்கு தின்று தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சும்மா கிடந்தவர்களை, நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லிச் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு அழைத்துப் போனார்கள். சொல்லி வராதவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். இறந்தவர்கள் சுமார் 30,000 என்று ஒரு கணக்கும் 40,000க்கு மேல் என்று இன்னொரு கணக்கும் உண்டு. கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, பிறகு கல்லறையும் எழும்பியது. கூலிகளுக்குப் பேரேடு எழுத யாரும் இல்லை. உங்கள் ஐயாவின் இழப்பைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. அந்த நிர்வாகம் யாரிடம் காகிதம் கொடுத்து வாங்கியது, யாரிடம் காகிதம்கூடக் கொடுக்காமல் வாங்கியது என்பது உங்கள் கேள்விக்கு உள்ளேயே இருக்கிறது.

அந்தமான் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். தனதல்லாததை யாருக்கும் தர ஆக்கிரமித்தவனுக்கு உரிமை இல்லை. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களை 1943இல் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவை திரும்பி வந்தன. அந்தமானை நேதாஜியின் ஆசாத் ஹிந்து அரசிடம் ஒப்படைப்பதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தார்கள். டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேர் சென்று கொடியும் ஏற்றினார். நிர்வாகத்தை ஏற்கப் போனவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் லோகநாதன். ஜப்பானியக் கடற்படை போலீசை அவரிடம் விடவே இல்லை. அவர் கைக்குக் கிடைத்தது கல்வித் துறை. 1944 ஜனவரி 30 அன்று அந்தத் தீவில் நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்களை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றது அதே கடற்படை ஆட்சிதான். பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது கடன். கடன்காரர்கள் ஏமாற்றினார்களா என்றால், பொதுவாக இல்லை என்றுதான் சொல்வேன். அந்த நோட்டை மறுக்க உங்கள் ஐயாவுக்கு வழியில்லை. அதே நோட்டில் சம்பளமும் விலையும் வாங்கிக்கொண்டிருந்த கடன்காரருக்கும் வேறு பணம் இல்லை. 1939இல் வாங்கிய கடனை 1945இல் சில மூட்டை அரிசி விற்ற பணத்தில் அடைத்தவரும் இருந்தார், உண்மை. அதை எதிர்பார்த்துக் காத்திருந்து கட்டியவர்களும் இருந்திருப்பார்கள். அதே சமயம் கடன் கொடுத்தவர்களில் சுதாரித்தவர்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உடனே வீடும் நிலமும் வாங்கினார்கள். உங்கள் ஐயா பெட்டியில் வைத்தார்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்த கையோடு, இனி ஜப்பான் நோட்டு செல்லாது என்றது. ஒரே அறிவிப்பில் ஊரின் சேமிப்பு முழுவதும் காகிதமானது. மாற்றுப் பணம் எதுவும் தரவில்லை. ஆனால் அடைத்துப் போன கடன்கள்? அவற்றை எல்லாம் இல்லை என்றால் மூன்றரை ஆண்டில் நடந்த ஒவ்வொரு விற்பனையும் வாடகையும் கூலியும் கேள்விக்கு வரும், கோர்ட் தாங்காது. அதனால் 1948இல் மலாயாவில், ஆக்கிரமிப்புக் காலக் கடன் கொடுத்தோர், வாங்கியோர் சட்டம் வந்தது. ஜப்பான் நோட்டில் கட்டிய கடன், சில விலக்குகளைத் தவிர, கட்டியதுதான் என்று அது ஏற்றுக்கொண்டது. நோட்டின் மதிப்பு காலப்போக்கில் எப்படிக் கரைந்தது என்பதற்கு ஓர் அட்டவணையும் சேர்த்தது. அந்த நோட்டிலேயே வாங்கித் தீராமல் நின்ற கடன்களை அட்டவணைப்படி குறைத்துக் கணக்கிட்டார்கள். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் அதே 1948இல், ஹா பியா வழக்கில், போருக்கு முந்தைய வங்கிக் கடனை ஜப்பானிய நோட்டில் அடைத்தது செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புகளில் எனக்கு மனநிறைவு இல்லை. ஒரு படையின் கொள்ளையைக் கடன் கொடுத்தவர் ஒருவர் தலையில் மட்டும் கட்டிய தீர்வு இது. ஆனால் அதைவிட நல்ல தீர்வு ஒன்றை யாரும் எழுதிக் காட்டவும் இல்லை.

அப்படியானால் படை எடுத்துக்கொண்டதும் செல்லுமா? செல்லாது. நீங்கள் கோடு போட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. சுமத்ராவில் டச்சு எண்ணெய் நிறுவனங்களின் வயல்களைப் பிடித்து ஜப்பானியர்கள் எடுத்த எண்ணெய், போர் முடிந்தபோது சிங்கப்பூரில் இருந்தது. எதிரிச் சொத்து என்று பிரிட்டிஷார் அதை எடுத்துக்கொண்டார்கள். நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 1956இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் தீர்ப்பளித்தது: ஜப்பான் செய்தது ஹேக் விதிகளை மீறிய பொருளாதாரச் சூறை, மண்ணுக்குள் கிடந்த கச்சா எண்ணெய் போர்த்தளவாடம் ஆகாது, ஆகவே அந்த எண்ணெய் ஜப்பானுடையதாக ஆகவே இல்லை. ஊராருக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் நிற்கும். படை தனக்கென்று எடுத்தது நிற்காது. உங்கள் ஐயாவின் துரதிர்ஷ்டம், அவருடைய வரவு முதல் வகையில் விழுந்ததுதான். எண்ணெய் நிறுவனத்துக்குப் பொருள் கண்ணெதிரே தொட்டியில் இருந்தது. உங்களுக்குத் தாள்தான் இருக்கிறது.

ஜப்பானிய அரசின் உறுதிமொழியை வைத்து அவர்களிடமே கேட்கலாமே என்றால், அந்தக் கதவை நாடுகள் தங்களுக்குள் மூடிவிட்டன. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் நேச நாடுகள் தங்கள் குடிமக்களின் போர்க்கால உரிமைக் கோரிக்கைகளையும் சேர்த்தே பொதுவாக விட்டுக்கொடுத்தன. அப்போது மலாயா பிரிட்டனின் கையில் இருந்தது. இந்தியா அந்த மாநாட்டுக்குப் போகவில்லை. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனியாக உடன்படிக்கை செய்து இழப்பீட்டு உரிமையைக் கைவிட்டது. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்புக்குக் கொடுத்தது. அது அரசுக்கு அரசு கொடுத்தது, தனியாருக்குப் போகவில்லை. தனி ஒருவரின் நோட்டுக்கு இவற்றில் எங்கும் இடம் இல்லை. ஜப்பான் வங்கி இந்த நோட்டுகளை ரகசியமாக மாற்றித் தருகிறது என்று சொல்லி வருபவர்கள் மோசடிக்காரர்கள். பேசிக்கொண்டே நிற்காமல் அனுப்பிவிடுங்கள்.

நோட்டைச் சேகரிப்பவர்களிடம் விற்கலாம். வெறும் எழுத்து மட்டும் உள்ள சாதாரண நோட்டு ஏராளமாகக் கிடைப்பதால் பெரிதாக விலை போகாது. வரிசை எண் உள்ளவை, மடிப்பில்லாதவை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். காலப்போக்கில் உருகி ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் அங்கே ஒரு வியாபாரியிடம் கேட்கச் சொல்லுங்கள், போலிகளும் உண்டு.

பேரேடுதான் உண்மையான சொத்து, நான் நெகிழ்ச்சியில் சொல்லவில்லை. 2603, 2604 ஆண்டுகளில் ஒரே ஊரில், ஒரே கையெழுத்தில் எழுதிய வட்டிக்கணக்கு அந்தப் பணத்தின் வீழ்ச்சியை மாதம் மாதமாகக் காட்டும். பக்கம் விடாமல் படமெடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கட்டிப் பத்திரத்தை மீட்டவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். கட்டாமல் விட்டவர்கள் அந்தப் பேரேட்டில் உண்டா? அடமானத்தில் மூழ்கி ஐயா பெயருக்கே மாறிய நிலம் ஏதும் உண்டா? அங்கே நில உரிமை பதிவேட்டைப் பொறுத்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலம். கிராண்ட் எண்ணோ (நில உரிமைப் பத்திர எண்) லாட் எண்ணோ (நிலத்துண்டின் எண்) பேரேட்டில் இருந்தால், பேராக் மாநில நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடலாம். பல ஆண்டு நிலவரி கட்டாமல் கிடந்தால் மாநில அரசு எடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி இல்லாமல் ஐயாவின் பெயர் இன்னும் நின்றால், மலேசிய நீதிமன்றத்தில் வாரிசு நிர்வாகச் சான்று வாங்க வேண்டும். ஐயாவின் இறப்புச் சான்றிதழையும் அவருடைய விலாசம், முழுப்பெயர் எழுதிய பழைய பத்திரம் ஏதாவது ஒன்றையும் இப்போதே தேடி எடுத்துவையுங்கள். எண் கிடைத்தால் எழுதுங்கள்.